புனாவின் காற்று: புவிவெப்ப மின்சாரமும் மக்கள் கேட்ட கேள்விகளும்

1991 ஜூன் 12ஆம் தேதி இரவு. ஹவாய்த் தீவின் கிழக்குக் கோடியில் உள்ள புனா வட்டாரத்தில் ஒரு கிணறு கட்டுக்கடங்காமல் பீறிட்டது. அது எண்ணெய்க் கிணறு அல்ல, எரிமலைச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதற்காகத் தோண்டிய நீராவிக் கிணறு. கேஎஸ்-8 என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். துளையிட்டுக்கொண்டிருந்தபோதே சூடான நீராவி மேலே சீறி வந்துவிட்டது. அதை அடக்கி மூட 31 மணி நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்கக் காதைப் பிளக்கும் இரைச்சல், அழுகிய முட்டை நாற்றம். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு 30 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. காற்றில் என்ன கலந்தது, எவ்வளவு கலந்தது, அதை அளந்து சொல்ல வேண்டியவர் யார் என்று அன்று புனா மக்கள் கேட்டதற்கு அவர்கள் ஏற்றுக்கொள்ளும்படியான பதில் இன்னும் வந்து சேரவில்லை. புவிவெப்ப ஆற்றல் பற்றி உலகில் எங்கே விவாதம் எழுந்தாலும் கடைசியில் இதே கேள்விகளில்தான் வந்து நிற்கிறது. இந்தச் சொற்பொழிவின் பொருளும் அவைதாம்.

முதலில் இந்த மின்சாரத்தின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பூமிக்கு அடியில் சூடு இருக்கிறது. சில இடங்களில் அது ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்திலேயே கிடைக்கிறது. அங்கே துளையிட்டால் வெந்நீரும் நீராவியும் மேலே வரும். அதைக் கொண்டு சுழலியைச் சுற்றலாம். சூரியன் மறைந்தாலும் காற்று நின்றாலும் இந்த மின்சாரம் நிற்பதில்லை. கென்யா தன் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைப் பிளவுப் பள்ளத்தாக்கின் சூட்டிலிருந்தே எடுக்கிறது. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் குளிர் காக்கும் வெப்பம் நிலத்தடியிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் நிலக்கரிப் புகை மண்டிக் கிடந்த ரேக்யவிக் நகரத்தின் வானம் தெளிந்தது அதனால்தான். எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து மீனவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த நியாயம் சட்டென்று புரியும். புவிவெப்பத்தை ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்று சொல்வது பொறுப்பான பேச்சாகாது.

ஆனால் நிலத்துக்கு அடியிலிருந்து சூடு மட்டும் தனியாக மேலே வருவதில்லை. நீராவியோடு கரியமில வாயு வருகிறது, சில இடங்களில் ஆர்செனிக்கும் பாதரசமும் வருகின்றன. இவை எல்லாவற்றையும்விட மக்கள் அஞ்சுவது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை.

இந்த வாயுவின் குணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நூறு கோடியில் ஓரிரு பங்கு இருந்தாலே பலருடைய மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே நாற்றம் அடித்தால் ஆபத்து, அடிக்காவிட்டால் இல்லை என்று மக்கள் நினைத்துக்கொள்வது இயல்பு. உண்மை அப்படியில்லை. பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது இந்த வாயு நுகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் திடீரென்று நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று எண்ணி மனிதர் அங்கேயே நிற்பார். ஐந்நூறைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளமான இடங்களில் தேங்கும். நம் ஊர்களில் மலக்குழிக்குள் இறக்கப்பட்ட தொழிலாளி விஷவாயு தாக்கி இறந்தார், காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த மரணங்களில் பெரும்பாலும் கொல்வது இதே வாயுதான். தமிழ் வாசகருக்கு இந்த வாயு அந்நியமானதல்ல.

புனாவின் கதை 1976இல் தொடங்குகிறது. கிலவேயா எரிமலையின் கிழக்குப் பிளவு வட்டாரத்தில் அந்த ஆண்டு எச்ஜிபி-ஏ என்ற சோதனைக் கிணற்றைத் தோண்டினார்கள். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆழம், அடியில் 358 டிகிரி செல்சியஸ். உலகின் மிகச் சூடான கிணறுகளில் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது. மூன்று மெகாவாட் அளவிலான ஒரு சிறு மின்நிலையத்தை அங்கே நிறுவினார்கள். சில காலம் ஓட்டிப் பார்ப்பதற்கான மாதிரி நிலையம் என்றுதான் சொன்னார்கள். அது 1989 வரை ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து வந்த உப்புநீரைத் திறந்தவெளிக் குட்டைகளில் விட்டார்கள். வாயு அடிக்கடி கசிந்தது. பக்கத்திலிருந்த லெய்லானி எஸ்டேட்ஸ், லானிபுனா கார்டன்ஸ் குடியிருப்புகளில் தலைவலி, கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று புகார்கள் எழுந்தன.

புனாவில் பலர் குடிப்பது மழைநீர். கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாகத் தொட்டியில் சேர்த்து, அதையே சமைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே குழாய்த் தண்ணீர் போய்ச்சேராத வீடுகள் ஏராளம். ஆகவே காற்றில் ஏதாவது கலந்தால் அது மூச்சோடு நின்றுவிடாது, கூரைக்கும் தொட்டிக்கும் குவளைக்கும் போகும் என்பது அவர்களுடைய கவலை. மின்நிலையத்தின் புகைபோக்கியை மட்டும் பார்த்துக் கணக்கெழுதும் நிபுணருக்கு இந்தத் தொட்டி கண்ணில் படுவதில்லை. அந்த வீட்டில் குழந்தைக்குப் பால் கரைக்கும் தாய்க்கு அது முதல் கவலை.

ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. அவர்களுக்கு எரிமலை என்பது பெலே என்ற தெய்வம். அதன் உடலில் துளையிடுவதை அவர்கள் வழிபாட்டின் மீது நடத்தப்படும் தாக்குதலாகவே கண்டார்கள். 1980களில் 500 மெகாவாட் மின்சாரம் எடுத்துக் கடலடிக் கம்பி வழியாக ஒவாஹு தீவுக்கு அனுப்பும் பெருந்திட்டம் உருவானபோது, பெலே பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பு திரண்டு எழுந்தது. வாவோ கெலே ஓ புனா என்ற மழைக்காட்டில் துளையிட வந்தவர்களை எதிர்த்து 1990 மார்ச்சில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினார்கள். 141 பேர் கைதானார்கள். அந்தப் பெருந்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் 2006இல் அந்தக் காடு பூர்வகுடிகளின் நலனுக்கான அரசு அமைப்பின் கைக்கே வந்துசேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில்தான் புனா புவிவெப்ப நிலையம் எழும்பியது, கேஎஸ்-8 பீறிட்டது. விசாரணை நடந்தது, வேலை நிறுத்தி வைக்கப்பட்டது, விதிகள் கடுமையாயின. 1993இல் நிலையம் முறைப்படி மின்சாரம் தரத் தொடங்கியது. பழைய நிலையத்தைப் போலத் திறந்த குட்டைகள் இங்கே இல்லை. வெளியே எடுத்த நீரையும் வாயுவையும் மீண்டும் நிலத்துக்குள்ளேயே செலுத்திவிடும் மூடிய அமைப்பு. முறையாக ஓடும்போது வெளியேறும் வாயு மிகமிகக் குறைவு. ஹவாய் மாநிலம் வைத்திருக்கும் வரம்பும் கறாரானது: ஒரு மணி நேரச் சராசரி நூறு கோடியில் 25 பங்கைத் தாண்டக் கூடாது.

அப்படியானால் சண்டை ஓய்ந்திருக்க வேண்டுமே? ஓயவில்லை. நிலையம் முறையாக ஓடும் நாட்களைப் பற்றி யாரும் பெரிதாகப் புகார் சொல்லவில்லை. முறை தவறும் நாட்களைப் பற்றித்தான் பேச்சு. 2014 ஆகஸ்டில் ஐசெல் புயல் புனாவைத் தாக்கியது. மின்கம்பிகள் அறுந்தன. மின்சாரத்தை வாங்கிக்கொள்ள வழியில்லாமல் நிலையம் சட்டென்று நின்றபோது நீராவியும் வாயுவும் வெளியேறின. அதே நேரத்தில் அல்பீசியா மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை அடைத்துவிட்டன. தொலைபேசி இல்லை, வெளிச்சம் இல்லை. நாற்றம் வருகிறது, ஓட வழியில்லை. எத்தனை பங்கு வாயு என்ற எண் பின்னால் வெளிவந்தாலும், அந்த இரவில் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 2013இல், ஹவாய் மாவட்ட நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி பீட்டர் ஆட்லர் தலைமையில் பல தரப்பினரும் அமர்ந்த குழு புனா மக்களின் உடல்நலம் பற்றி ஓர் அறிக்கை தந்திருந்தது. முழுமையான உடல்நல ஆய்வு ஒன்று வேண்டும், காற்றைக் கண்காணிக்கும் ஏற்பாடு வலுப்பட வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இதைப் படித்தால் மனம் கனக்கிறது. முதல் கிணறு தோண்டியது 1976இல். 37 ஆண்டுகள் கழித்து வந்த அறிக்கை, முதலில் ஓர் ஆய்வு நடத்துங்கள் என்று கேட்கிறது. கிணறு தோண்டுவதற்கு முன்பே அந்த ஊர் மக்களின் மூச்சும் இரத்தமும் தண்ணீரும் எப்படி இருந்தன என்று குறித்து வைத்திருந்தால், பின்னால் வந்த மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அந்தத் தொடக்கக் கணக்கு இல்லாததால், நோய் வந்தது உங்களால்தான் என்பவரும் எங்களால் இல்லை என்பவரும் இன்றுவரை ஒருவரை ஒருவர் வெல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

எரிமலையும் இந்த வழக்கைச் சிக்கலாக்குகிறது. கிலவேயா தானாகவே கந்தக வாயுக்களைக் கக்கிக்கொண்டிருக்கும் மலை. 2018 மே 3ஆம் தேதி லெய்லானி எஸ்டேட்ஸ் தெருக்களிலேயே நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு பொங்கியது. அடுத்தடுத்து 24 பிளவுகள். 700க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நாள்தோறும் பல்லாயிரம் டன் கந்தக டை ஆக்சைடு காற்றில் கலந்தது. மின்நிலையத்தில் அப்போது ஏறத்தாழ 60,000 காலன் பென்டேன் இருந்தது. பெட்ரோலைப் போல எளிதில் பற்றிக்கொள்ளும் திரவம் அது. அவசர அவசரமாக அதை லாரிகளில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். கிணறுகளுக்குள் குளிர்நீரைக் கொட்டி அழுத்தத்தைத் தணித்தார்கள். அடங்காத ஒன்றைக் கனமான சேற்றைச் செலுத்தி அடக்கினார்கள். மே மாத இறுதியில் எரிமலைக் குழம்பு நிலைய வளாகத்துக்குள்ளேயே புகுந்து கிணற்றையும் மூடியது. உலகமே பயந்த பெரும் வாயுக் கசிவு நடக்கவில்லை. களத்தில் நின்ற பொறியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அதற்கான பெருமை உரியது. ஆனால் எரிமலைப் பிளவின் மேலேயே, வீடுகளுக்கு அருகிலேயே அந்த நிலையத்தை வைத்தது சரியா என்ற கேள்வி அதனால் இல்லாமல் போய்விடவில்லை. தீவின் மின்சாரத்தில் ஏறத்தாழ கால்பங்கைத் தந்துவந்த அந்த நிலையம் 2020 நவம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் ஆண்டுக்கணக்காக உடலுக்குள் போனால் என்ன ஆகும்? இதற்கு நல்ல விடை தேடியவர்கள் நியூசிலாந்தின் ரோட்டோருவா நகரத்துக்குப் போனார்கள். அங்கே வீட்டுத் தோட்டத்திலும் பூங்காவிலும் சாலையோரத்திலும் நிலத்திலிருந்தே நீராவி எழும்பும். ஊர் முழுக்க அந்த நாற்றம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பேட்ஸ் தலைமையிலான குழு 1,637 பேரைச் சோதித்தது. அவர்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் எவ்வளவு வாயுவுக்கு ஆளாகிறார்கள் என்று கணக்கிட்டு, ஆஸ்துமா, நினைவாற்றல், சிந்திக்கும் வேகம் முதலியவற்றோடு ஒப்பிட்டார்கள். அந்த அளவுகளில் தீங்குக்கான சான்று கிடைக்கவில்லை. இது ஆறுதலான செய்தி. இதை மறைப்பது நேர்மையாகாது. அதே ரோட்டோருவாவில், காற்றோட்டமில்லாத அறைக்குள் தேங்கிய வாயுவால் மக்கள் இறந்ததும் உண்டு. ஊர்க்காற்றில் பரவிக் கிடக்கும் சிறிதளவு வேறு, ஓரிடத்தில் திடீரென்று குவியும் பேரளவு வேறு. விவாதங்களில் ஒரு தரப்பு முதலாவதை மட்டும் பேசுகிறது, மறுதரப்பு இரண்டாவதை மட்டும் பேசுகிறது. இருவரும் சொல்வது உண்மை. ஆனால் ஊரைக் காப்பாற்ற வேண்டிய அதிகாரி இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது வகை ஆபத்து எப்படி நிகழும் என்பதை 2021 ஜனவரி 25 காட்டியது. இந்தோனேசியாவின் வடக்கு சுமத்ராவில், மண்டைலிங் நட்டால் மாவட்டத்தில் சிபங்கோர் ஜூலு என்று ஒரு கிராமம். பக்கத்தில் சோரிக் மராப்பி மலையடியில் புவிவெப்பத் திட்டம். அன்று ஒரு கிணற்றைத் திறந்து பார்க்கும் வேலை நடந்தது. கிணற்றிலிருந்து வெளியேறிய ஹைட்ரஜன் சல்பைடு அருகே வயல்களில் இருந்தவர்களைத் தாக்கியது. ஐந்து கிராமத்தவர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. பத்துக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கிணறு திறக்கும் நேரத்தில் காற்று வீசும் திசையில் ஆள் நடமாட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்வது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடி அன்று பின்பற்றப்படவில்லை. 2022லும் அதே திட்டத்தின் அருகில் மீண்டும் மீண்டும் கிராமத்தவர் வாந்தி மயக்கத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். உயிரிழப்புக்குப் பிறகும் பாடம் கற்காததற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

வாயுவுக்கு அடுத்தபடியாக மக்கள் கேட்பது நில அதிர்வு பற்றி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் 1356இல் பெரும் நிலநடுக்கத்தில் இடிந்த ஊர். அந்த ஊருக்கு அடியிலேயே ஐந்து கிலோமீட்டர் ஆழக் கிணறு தோண்டி, சூடான பாறையில் விரிசல்களை உண்டாக்குவதற்காக 2006 டிசம்பர் 2ஆம் தேதி அழுத்தமாகத் தண்ணீர் செலுத்தத் தொடங்கினார்கள். ஆறே நாளில், வெள்ளிக்கிழமை மாலை, 3.4 அளவில் நகரம் அதிர்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை, சுவர்களில் விரிசல்கள். 2009இல் திட்டம் கைவிடப்பட்டது. திட்டத்தின் தலைவர் மார்க்குஸ் ஹாரிங் மீது வழக்கு நடந்து, அவர் விடுவிக்கப்பட்டார்.

பாசல் தந்த எச்சரிக்கை தென்கொரியாவின் போஹாங்குக்குப் போதவில்லை. அங்கேயும் பாறைக்குள் தண்ணீரைச் செலுத்தினார்கள். 2017 ஏப்ரலில் 3ஐத் தாண்டிய ஓர் அதிர்வு வந்தது. வேலை தொடர்ந்தது. நவம்பர் 15ஆம் தேதி 5.4 அளவில் நிலநடுக்கம். சுமார் 135 பேர் காயமடைந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீட்டை இழந்து தங்குமிடம் தேடினார்கள். தண்ணீர் செலுத்தியதே நிலநடுக்கத்தைத் தூண்டியது என்று அரசு அமைத்த வல்லுநர் குழு 2019 மார்ச்சில் அறிவித்தது. ஏப்ரலில் வந்த அதிர்வை ஊருக்குத் தெரிவித்து, வேலையை நிறுத்தி ஆராய்ந்திருக்க வேண்டும். எந்தத் தொழில்நுட்பத்துக்கும் இந்த அளவு நிதானம்கூட இல்லாவிட்டால் மக்கள் அதை எதிர்ப்பதில் தவறில்லை.

ஜெர்மனியின் ஸ்டாஃபென் நகரத்துக்கு நேர்ந்தது இன்னும் வருத்தமானது. அது மின்சாரத் திட்டம்கூட அல்ல. நகரமன்றக் கட்டடத்துக்குச் சூடேற்ற 2007இல் 140 மீட்டர் ஆழத்துக்கு ஏழு துளைகள் இட்டார்கள், அவ்வளவுதான். துளை வழியே நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் என்ற கனிம அடுக்குக்குள் புகுந்தது. தண்ணீர் பட்டதும் அது ஜிப்சமாக மாறி உப்பும். நகரத்தின் பழைய வீதிகள் மெல்ல மெல்ல மேலே எழும்பி, 250க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தது. பாறையைப் பற்றிப் போதுமான அளவு ஆராயாமல் துளையிட்டதன் விளைவு இது.

நம்பிக்கை தரும் ஊரும் இருக்கிறது. ரேக்யவிக்குக் கிழக்கே ஹெல்லிஷெய்டி நிலையம் 2006இல் இயங்கத் தொடங்கியதும் நகரத்துக்கு நாற்றம் வந்தது. மக்கள் முறையிட்டார்கள். ஐஸ்லாந்து அரசு 2010இல் ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஒரு வரம்பு விதித்தது: 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 150. நாட்டுக்கே வெப்பம் தரும் தொழில் இது என்று சலுகை காட்டாமல், மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்தார்கள். அந்த வரம்பு நிறுவனத்தைப் புதிய வழி தேட வைத்தது. வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். அது அங்கே கனிமமாக உறைகிறது. கார்ப்ஃபிக்ஸ் என்ற அந்தத் திட்டத்தில் செலுத்திய கரியமில வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் கல்லாகிவிட்டது என்று 2016இல் ஆய்வு முடிவு வெளியானது. மக்களின் புகார் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று புலம்புகிறவர்கள் இந்த ஊரைப் பார்க்க வேண்டும். அங்கே தொழில்நுட்பத்தை முன்னே தள்ளியதே அந்தப் புகார்தான்.

இந்தக் கேள்விகள் இந்தியாவின் வாசலுக்கும் வந்துவிட்டன. லடாக்கின் புகா பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு 4,400 மீட்டர் உயரத்தில், நாட்டின் முதல் புவிவெப்ப மின்நிலையத்தை அமைக்க 2021இல் ஓஎன்ஜிசி ஒப்பந்தம் செய்தது. 2022 ஆகஸ்டில் துளையிட்டபோது கிணற்றிலிருந்து வெளியேறிய திரவம் புகா ஓடையில் கலந்தது. அந்த ஓடை சிந்து நதியில் போய்ச் சேர்கிறது. பஷ்மினா ஆடுகளை மேய்த்து வாழும் சாங்பா மக்கள் புழங்கும் நீர் அது. புவிவெப்ப ஆற்றலுக்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2025 செப்டம்பரில் வெளியிட்டது. நாடு முழுவதும் 381 வெந்நீர் ஊற்றுகள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. இனி துளையிடும் கருவிகள் பல பள்ளத்தாக்குகளுக்குப் போகும்.

அவை போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. புனாவில் யாரும் செய்யாமல் விட்ட வேலை அது. துளையிடும் ஒவ்வோர் இடத்திலும் அங்கே வாழ்பவர்களின் காற்று, தண்ணீர், உடல்நலம் ஆகியவற்றை, திட்டத்தில் ஆதாயமில்லாத ஒரு மருத்துவக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ ஓராண்டுக்காவது அளந்து பதிந்து வைக்க வேண்டும். கிணற்றைத் திறக்கும் நாளும் நேரமும் ஊருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அளவுக் கருவி காட்டும் எண், நிறுவனத்தின் அறைக்குள் தெரியும் அதே நொடியில் ஊர்ப் பலகையிலும் தெரிய வேண்டும். புகாவில் அடுத்த துளையிடுவதற்கு முன் அந்த ஓடைநீரின் கணக்கை லடாக்கி மொழியில் எழுதிச் சாங்பா மேய்ப்பர்களின் கையில் கொடுங்கள் என்று மத்திய அரசையும் ஓஎன்ஜிசியையும் இந்த மேடை கேட்டுக்கொள்கிறது.